கிடாரத்துக்கும் ஒரு வெள்ளாவி

ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்போருக்கும், கோவில் மடப்பள்ளிகளில் புக்கை பொங்குவோருக்கும், விசேடங்களுக்குக் கிடாரமும் தாச்சியும் வாடகைக்கு விடுவோருக்கும் எழுதப்படும் திறந்த மடல்.



தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் கழிந்த பின்னர் கொழும்பின் தமிழ்ச் சமையற்கட்டுகளில் எஞ்சிக் கிடப்பவற்றுள் அடிப்பிடித்த பாத்திரமே மிகக் குறைவாகப் பேசப்படுவது. கித்துள் பாணியைச் சுண்டவைத்த தாச்சியிலும், தொதல் கிண்டிய கிடாரத்திலும், அரியதரத்துக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சிய சட்டியிலும் படிந்துபோன கரிய படலத்தைப் போக்கக் கையாளப்படும் வழி பெரும்பாலும் ஒன்றே: இரும்புச் சுருளை எடுத்துக்கொண்டு, கை ஓயும்வரை தேய்ப்பது. மண்சட்டிக்கும் பித்தளைக்கும் பழகிய இந்த முறை, இன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பொருந்தாதது என்பதையும், கருகிய பாகு கைவலிமையால் அன்றி ஊறலாலும் வெப்பத்தாலும் இளகுவது என்பதையும் சற்று விரிவாக எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

பாணி ஏன் அடிப்பிடிக்கிறது என்பதை அறிந்தால் அதை அகற்றும் வழியும் பாதி விளங்கிவிடும். பாணி என்பது மரத்தின் இனிய சாறு நீர் வற்றித் தடித்த நிலை. கித்துள் மரத்தின் பூம்பாளையைச் சீவி எடுக்கும் சாற்றில் சீனி பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருப்பது வழக்கம். அது பாணியாகும்போது அறுபது சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கனடாவிலிருந்து வரும் உறவினர் பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மேப்பிள் பாணியும் இவ்வினத்ததே. ஆயினும் மேப்பிள் மரச்சாற்றில் சீனி ஏறத்தாழ 2 சதவீதமே உள்ளதால், ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றருக்கும் மேற்பட்ட சாற்றை வற்றவைக்க வேண்டியுள்ளது. நீர் நிறைந்திருக்கும் வரை கொதிநிலை 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். சீனி செறியச் செறியக் கொதிநிலை உயர்ந்து, மேப்பிள் பாணி பதமாகும்போது நீரின் கொதிநிலையை விட ஏறத்தாழ 4 பாகை கூடுதலாகவும், கட்டியாக உறையும் பதத்தில் 120 பாகையை அண்மித்தும் நிற்கும். இந்த வெப்பங்களில் சீனி கருகுவதில்லை. கருகல் நிகழ்வது பாத்திரத்தின் அடியை ஒட்டிய மெல்லிய படையில் மட்டுமே: பாகு தடித்துப் புரளும் தன்மையை இழந்ததும், அப்படையிலுள்ள நீர் முற்றாக வற்றி, அவ்விடத்து வெப்பம் 160 பாகைக்கு மேல் தாவி, சீனி முதலில் பொன்னிறமாகி, பின்னர் பழுப்பாகி, இறுதியில் கரியாகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது பயனுடையது. பொன்னிறமாகவும் பழுப்பாகவும் மாறிய சீனி, அதாவது எரிபாகு, நீரில் கரையக்கூடியது. வெந்நீரில் ஊறவைத்தாலே அது பெருமளவு நீங்கிவிடும். கரியாக மாறியதோ நீரில் கரையாதது. அது நீண்டு பின்னிய காபன் சங்கிலிகளால் ஆன உறுதியான வலை. ஆகவே கறுத்த சட்டியைக் கண்டதும் தேய்க்கத் தொடங்குவோர், நீரே செய்து முடித்திருக்கக்கூடிய வேலையையும் தம் கையால் செய்கின்றனர்.

கரிக்குக் கீழே இன்னொரு படலமும் ஒளிந்திருப்பதுண்டு. மேப்பிள் பாணி காய்ச்சுவோர் இதனை நன்கு அறிவர். மரச்சாற்றிலுள்ள கல்சியமும் மாலிக்கமிலமும் சேர்ந்து, சாறு செறிவடையும்போது மணல் போன்ற உப்பாகப் பிரிந்து, காய்ச்சும் தட்டின் அடியில் படிகின்றது. அதனை அவர்கள் சீனி மணல் என்றே அழைக்கின்றனர். இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாதது என்பதால், அதன் கீழுள்ள உலோகம் அளவுக்கு மேல் சூடாகி, மேலே வந்து படியும் சீனி கருகிப்போகிறது. தமிழர் அறிந்த பனங்கட்டி காய்ச்சுதலிலும் நிலைமை வேறன்று. யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் எனவும் தமிழகத்தில் பதநீர் எனவும் வழங்கும் இனிய பனஞ்சாறு புளித்துக் கள்ளாகிவிடாதிருக்க, சாறு சேரும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்படுகிறது. அச்சுண்ணாம்பின் கல்சியத்தில் ஒரு பகுதி காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்படிவாக இறங்குகிறது. கித்துள் சாற்றுக்குச் சிங்களக் கிராமங்களில் சுண்ணாம்புக்குப் பதிலாக ஹல் மரத்தின் பட்டைத் துண்டுகளைப் போடும் மரபு உள்ளதால், அங்கே சுண்ணாம்புப் படிவு அவ்வளவு இல்லை. வெள்ளவத்தையில் பனங்கட்டியை உடைத்துக் கரைத்துப் பாகாக்குவோர் சட்டியின் அடியில் காணும் மெல்லிய வெண்சாம்பல் நிறப் படலத்திலும் இந்தச் சுண்ணாம்பின் பங்கு இருத்தல் கூடும்.

இதனுடன் நீரின் தன்மையையும் சேர்த்தே எண்ண வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்தது. அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். வன்னீர் என்பது கல்சியம், மகனீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர். அதைக் கொதிக்கவைத்த கேத்தலில் வெண்கல் படியும், சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. கொழும்பின் குழாய் நீரோ லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலேயில் களனி ஆற்றிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆற்றிலிருந்தும் மழைநீர்த் தேக்கத்திலிருந்தும் வருவதால் அது மென்னீர். வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பங்கள், பாத்திரம் எதுவாயினும் புளியால் தேய்க்கும் பழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தன. புளியின் தாத்தாரிக்கமிலம் கல்சியப் படிவைக் கரைக்கும் என்பதால் அப்பழக்கம் சுண்ணக்கல் நாட்டில் முற்றிலும் அறிவார்ந்தது; பித்தளையின் பச்சைக் களிம்பைப் போக்குவதிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் மென்னீர் ஓடும் கொழும்பில், எவர்சில்வர் சட்டியில் கருகிய சீனியின் மீது அதே புளியைத் தேய்ப்பது, நோய் மாறிய பின்னும் பழைய மருந்தையே கொடுப்பதற்கு ஒப்பானது. அமிலம் கரியை அசைப்பதில்லை.

இனி உலோகத்தைக் குறித்து. இலங்கைப் பாடநூல்கள் கறையில் உருக்கு என்றும், கடைத்தெரு எவர்சில்வர் என்றும் வழங்கும் உலோகம், இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த கலப்புலோகம். நல்ல சமையற்பாத்திரங்களில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும், அடியில் 18/8 எனப் பொறிக்கப்படுவதன் பொருள் இதுவே. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்பவர் இத்தகைய உருக்கை வார்த்த காலந்தொட்டு அதன் புகழ் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைச் சார்ந்தது: குரோமியம் வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து உருவாக்கும், ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் சில பங்கே தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம். கீறல் பட்டால் அப்படலம் வளி பட்டுத் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் இரும்புச் சுருளால் தேய்க்கும்போது, சுருளிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் கீறல்களில் பதிந்து துருப்பிடிக்க, பார்ப்போர் பாத்திரமே துருப்பிடித்துவிட்டதாக எண்ணி இன்னும் வன்மையாகத் தேய்க்கின்றனர். மேலும், கீறல் விழுந்து சொரசொரப்பான அடியில் அடுத்த முறை பாகு இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. இவ்வாண்டின் தேய்ப்பே வரும் ஆண்டின் அடிப்பிடிப்புக்கு விதையாகிறது.

அந்தப் படலத்துக்குப் பகை குளோரைட்டு, அதாவது உப்பிலும் கடற்காற்றிலும் வெளிற்றும் தூளிலும் உள்ள குளோரின் அயன். அது படலத்தை ஓரிடத்தில் துளைத்து, ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். வெள்ளவத்தைக் கடற்கரையை ஒட்டிய மாடிகளில் பளபளத்த எவர்சில்வர்க் கைப்பிடிகள் சில காலத்தில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புப் பூத்து நிற்பது இதனாலேயே. ஆகவே உப்பையும் தேசிக்காயையும் கலந்து சட்டியில் பூசி இரவு முழுவதும் விட்டுவைக்கும் குறிப்பு, எவ்வளவு பரவலாக இருப்பினும், பின்பற்றத் தக்கதன்று.

எவர்சில்வரின் இன்னொரு குறையும் உண்டு. அதன் வெப்பக் கடத்தாறு அலுமினியத்தினதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பினதில் இருபதில் ஒரு பங்கையும் எட்டாது. வாயு அடுப்பின் வளையச் சுடர் பட்ட இடம் கொதிக்க, அதற்குச் சற்று அப்பால் வெப்பம் பரவாது நிற்கும். அடிப்பிடித்த கரி பல சட்டிகளில் சுடரின் வட்டத்தைப் படி எடுத்தாற்போல் அமைவதற்குக் காரணம் இதுவே. மெல்லிய அடியுள்ள எவர்சில்வர் கிடாரத்தில் பாணி காய்ச்சுவோர், அடுப்புக்கும் கிடாரத்துக்கும் இடையே தடித்த இரும்புத் தோசைக்கல் ஒன்றை வைத்தால் வெப்பம் பரந்து படும்.

அகற்றும் முறைக்கு வருவோம். தமிழ் மரபில் இதற்குரிய அறிவு சமையற்கட்டில் தேடப்படவில்லை. அது சலவைத்துறையில் இருந்தது. வெள்ளாவி என்பது அழுக்கேறிய துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பெரிய பானையின் நீராவியில் இரவு முழுவதும் அவிப்பது. உவர்மண்ணின் செயலாற்றும் பொருள் சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடா, அது காரம். காரமும் வெப்பமும் நேரமும் சேர்ந்து நூலில் ஒட்டிய எண்ணெயையும் பசையையும் தளர்த்திவிட, காலையில் கல்லில் அடிப்பது ஒரு முடிப்புவேலையாக மட்டுமே எஞ்சியது. ஹெவ்லொக் வீதியில் இன்று மாடிக்கட்டடத் தொகுதி எழுந்துள்ள நிலத்தில் முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியதை அப்பகுதியின் மூத்தோர் அறிவர். நெசவுத் தொழிலிலும் பருத்தியின் மெழுகை நீக்க அதனைக் காரநீரில் அவிப்பது பொது வழக்கு. கருகிய கிடாரத்துக்கு வேண்டியதும் இத்தகைய ஒரு வெள்ளாவியே.

சட்டி தானாக ஆறும்வரை விடுவது முதற்பணி. சூடான எவர்சில்வர் மீது குளிர்நீர் ஊற்றினால் அடி நெளியும், ஈரடுக்கு அடியாயின் அடுக்குகள் பிரியவும் கூடும். பின்னர், கரிப்படலம் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து அந்நீரைக் கொட்டினால் கரையக்கூடிய எரிபாகு போய்விடும். அடுத்து, ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற அளவில் அப்பச்சோடாவைக் கலந்து, மெல்லிய தீயில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, அப்படியே மூடி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. குளிர்நீரில் அது மென்காரமே ஆயினும், கொதிக்கும்போது காபனீரொட்சைட்டை இழந்து ஓரளவு சோடியம் காபனேற்றாக மாறுவதால் அதன் காரத்தன்மை கூடுகிறது. சலவைச் சோடா கிடைக்குமாயின், கையுறை அணிந்துகொண்டு, அதில் பாதியளவு போதுமானது. காரம் கரியின் வலையில் புகுந்து அதனை ஊதச்செய்து, உலோகத்துடன் அது கொண்ட பிடிப்பைத் தளர்த்துகிறது. தொதலாயின் தேங்காய்ப்பாலின் எண்ணெயில் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுவதால், தொதல் கிடாரம் பாணித் தாச்சியை விட எளிதில் இணங்குகிறது. காலையில் மரஅகப்பையாலோ உடைந்த சிரட்டையின் விளிம்பாலோ நெம்பினால் கரி தோல் போல் உரியும். சிரட்டை எவர்சில்வரை விட மென்மையானது என்பதால் கீறாது. எஞ்சியதைத் தேங்காய்ப் பொச்சால் துடைத்துவிடலாம். ஓர் இரவில் போகாத தடித்த கரிக்கு இரண்டாம் இரவையும் கொடுப்பதே முறை. கையின் வலிமையைக் கூட்டுவது முறையன்று.

கரி போன பின்னர் அடியில் வெண்படலமோ வானவில் நிறச் சாயலோ தெரிந்தால், அமிலத்தின் முறை அப்போதுதான் வருகிறது. மூன்று பங்கு நீரில் ஒரு பங்கு வினாகிரி கலந்து சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் கல்சியப் படிவு கரையும். வானவில் நிறம் ஒட்சைட்டுப் படலம் மிகு வெப்பத்தால் தடித்ததன் அடையாளம். அதுவும் வினாகிரியில் மங்கும், மங்காவிடினும் உணவுக்குக் கேடில்லை. புளிக்கரைசலும் கொறுக்காய் ஊறிய நீரும் இதே பணியைச் செய்வன என்பதால், பாட்டியரின் புளி இப்பொழுது தன் சரியான இடத்தைப் பெறுகிறது. கரியும் கல்லும் அடுக்கடுக்காக மாறிமாறிப் படிந்த பழைய பாத்திரத்துக்குக் காரமும் அமிலமும் மாறிமாறித் தேவைப்படலாம்; ஆனால் இடையே நன்கு அலச வேண்டும்.

அலச வேண்டும் என்பதை வற்புறுத்தக் காரணம் உண்டு. அப்பச்சோடாவைத் தூவி அதன் மேல் வினாகிரியை ஊற்றிப் பொங்கவைப்பது இன்று வீடுதோறும் பரவியுள்ள ஒரு வித்தை. பொங்குவது கண்ணுக்கு இனியதே. எனினும் காரமும் அமிலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிட, எஞ்சுவது சிறிதளவு சோடியம் அசற்றேற்று கரைந்த நீர் மட்டுமே. இரண்டு மருந்துகளையும் ஒருங்கே குடித்து இரண்டையும் வீணாக்கிய நிலை அது. நுரையின் குமிழிகள் தளர்ந்த துகள்களைச் சற்றே தூக்கிவிடுவதைத்தான் பலர் வெற்றியாகக் கருதுகின்றனர்.

மேப்பிள் நாட்டார் கையாளும் ஒரு முறை, தமிழ்ச் சமையற்கட்டுக்கு அந்நியமாகத் தோன்றாது. பருவம் முடிந்ததும் அவர்களுட் பலர் எஞ்சிய சாற்றைத் தட்டுகளில் நிரப்பி வாரக்கணக்கில் புளிக்க விடுகின்றனர்; நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக்க, அவ்வமிலம் சீனி மணலைத் தளர்த்துகிறது. நாற்றம் கடுமையானது, உழைப்போ ஏறக்குறைய இல்லை. புளித்த கள்ளும் பழஞ்சோற்று நீராகாரமும் எதனால் புளிக்கின்றன என்பதை அறிந்த சமூகத்துக்கு இதில் வியப்பில்லை. அடுத்த வீட்டாரின் சன்னல் ஆறடி தூரத்திலுள்ள ஹெவ்லொக் டவுன் மாடிவீடுகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கத்தான் இயலாது.

செய்யத்தகாதன சில. கடைகளில் அசிட் என்ற ஒற்றைச் சொல்லால் விற்கப்படும் ஐதரோக்குளோரிக்கமிலமும், அதனைக் கொண்ட கழிவறைத் திரவங்களும் எவர்சில்வரின் பாதுகாப்புப் படலத்தையே அரிப்பன. வெளிற்றும் திரவத்துடன் எந்த அமிலம் சேர்ந்தாலும், அது வினாகிரியே ஆயினும், குளோரின் வாயு வெளிப்படும். சன்னலற்ற சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. எவர்சில்வருக்குச் சொல்லப்பட்ட சலவைச் சோடா முறையை அலுமினியத் தாச்சிக்குப் பயன்படுத்தலாகாது, காரம் அலுமினியத்தைக் கரைத்துக் கறுக்கச் செய்யும். வாடகைப் பாத்திரக் களஞ்சியங்களில் இரண்டு உலோகமும் அருகருகே அடுக்கப்பட்டிருப்பதால் இந்தத் தவறு நேர்வது எளிது.

இம்மடல் பலகாரக்காரரை மட்டுமன்றி மடப்பள்ளியினரையும் வாடகைக்கு விடுவோரையும் நோக்குவதன் காரணம், பாத்திரத்தைக் கரித்தவரும் அதைத் தேய்ப்பவரும் ஒருவரேயாக இருப்பது அரிது என்பதே. இரவு பதினொரு மணிக்குப் பந்தி முடிந்து, காலையில் பாத்திரம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இருக்குமிடத்தில், ஊறவைக்கும் நேரம் என ஒன்று இல்லை. அந்நேரத்தின் விலையைப் பின்வளவுக் குழாயடியில் குந்தியிருந்து தேய்க்கும் ஒரு பெண்ணின் தோள்மூட்டும் நகக்கண்ணும் செலுத்துகின்றன. கிடாரத்தை ஒரு நாள் தாமதித்துத் திருப்புவதற்கு மேலதிகக் கட்டணம் அறவிடாதிருத்தலும், அல்லது அடிப்பிடித்ததை அப்படியே, நீர் நிரப்பிய நிலையில், திரும்பப் பெற்றுக் களஞ்சியத்திலேயே ஊறவைக்கும் ஏற்பாடும், வாடகைக்கு விடுவோருக்கு இழப்பாகாது. கீறாத கிடாரம் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்பது அவர்களின் கணக்கேட்டிலும் தெரியவரும். மடப்பள்ளிகளிலும் வெறும் கிடாரம் ஒன்று மேலதிகமாக இருந்தால், பொங்கலன்று கரிந்தது மறுநாள் வரை அமைதியாக ஊறலாம்.

எல்லாம் செய்த பின்னரும் அடியில் ஊசித்துளை போன்ற குழிகள் தெரியும் பாத்திரத்தைப் பாகுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். குழிகளில் பாகு தங்கிக் கருகுவதைத் தடுக்க இயலாது. கருகிய துகள்கள் கலந்தால் ஒரு கிடாரப் பாணி முழுவதிலும் கசப்பு ஏறும். அத்தகைய கிடாரத்தை அரிசி களைவதற்கும் உழுந்து ஊறவைப்பதற்கும் ஒதுக்கி, காதுப்பிடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவைத்தால், அடுத்த தைப்பொங்கலுக்கு அவசரமாக எடுப்பவர் அதனை அடுப்பில் ஏற்றமாட்டார்.

ஹெவ்லொக் டவுன்,
கொழும்பு 5.